தமிழில் ஒன்பது, மலையாளத்தில் ஃபுல்

எங்கள் வைக்கோல் போரின் மேல் என் மகள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கட்டில் விரிப்பைவிடப் பெரிய ஃபிளெக்ஸ். தலையில் யாரோ கம்ப்யூட்டரில் வைத்துவிட்ட கிரீடம், முதுகுக்குப் பின்னால் அருவி, காலடியில் இரண்டு அன்னங்கள். கேரள எல்லையில் எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் அருவியும் கிடையாது, அன்னமும் கிடையாது. போர்வெல்லும் கொக்கும்தான் உண்டு. ஃபிளெக்ஸின் கீழ்ப்பகுதியில், சரியாகக் கறவை மாட்டின் வாய் எட்டும் உயரத்தில், என் தம்பி. வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், கூப்பிய கை. மாடு வைக்கோல் உருவ வரும்போதெல்லாம் அவன் கன்னத்தை ஒருமுறை நக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சின்னத் திருப்தி வரத்தான் செய்கிறது.

கேரளத்தில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் என்பது பண்டிகைக்குக் கொஞ்சம் கீழே, தேர்தலுக்குக் கொஞ்சம் மேலே. பத்துத் தாளிலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளையை ‘ஃபுல் ஏ பிளஸ்’ என்பார்கள். பஞ்சாயத்து மெம்பர் ஒரு போர்டு வைப்பார், கட்சிக்காரர்கள் ஒன்று வைப்பார்கள், டியூஷன் சென்டர் ஒன்று வைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், எங்கள் சொந்தபந்தம் இருக்கும் பொள்ளாச்சி உடுமலை வட்டாரத்தில், காதுகுத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் ஃபிளெக்ஸ் வைக்காவிட்டால் விசேஷம் நடந்ததாகவே கணக்கில்லை. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். அந்தப் பக்கத்து ஃபிளெக்ஸ் மோகமும் இந்தப் பக்கத்து ஏ பிளஸ் மோகமும் எங்கள் ஊர் முக்கில், டீக்கடைக்கு எதிரே உள்ள இரண்டு தென்னை மரங்களுக்கு இடையில் சந்தித்துக்கொள்ளும்.

என் தம்பிக்கு இரண்டு பையன்கள். பெண் கிடையாது. அதனால் என் மகள்மேல் அவனுக்கு இருக்கிற பாசத்தை அளக்க முடியாது, அடக்கவும் முடியாது. தேங்காய் வியாபாரமாக நாள் தவறாமல் பொள்ளாச்சிக்குப் போய் வருபவன். ஃபேஸ்புக்கில் அவனுக்கு ஒரு கல்யாண மண்டபம் நிறைய நண்பர்கள். யார் வீட்டு மாடு கன்று போட்டாலும் அவன்தான் உலகத்துக்குச் சொல்லுவான்.

ரிசல்ட் வருவதற்கு முந்திய வாரமே ஃபிளெக்ஸுக்குச் சொல்லிவிட்டான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

“டேய், இன்னும் ரிசல்ட்டே வரலியேடா?”

“ரிசல்ட் அன்னிக்குக் கடையில கால் வெக்க முடியாதுக்கா. எல்லாரும் வந்து நிப்பாங்க. முன்னாடியே சொல்லி வெச்சாத்தான் ஆகும்.”

“அது சரி, ஃபுல் ஏ பிளஸ்ஸுன்னு உனக்கு ஆரு சொன்னது?”

“என்ற அம்மிணிக்கு வராம பின்ன ஆருக்கு வரும்? நீ அபசகுனமாப் பேசாம இரு.”

ரிசல்ட் பிற்பகல் மூன்று மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். ஃபிளெக்ஸ் நண்பகலுக்கு முன்பே ஏறிவிட்டது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊரில் உயரத்தில் எதைக் கட்டுவதானாலும் தென்னை ஏறிக் கள் இறக்குபவரைத்தான் கூப்பிட வேண்டும். அவருக்குக் காலையில் மரம் ஏற வேண்டும், பிறகு பொழுது சாயும் முன் ஏற வேண்டும். இடையில் கிடைக்கிற நேரத்தில்தான் ஊருக்கு உதவுவார். கவர்மெண்டு தன் நேரத்தில் ரிசல்ட்டை வெளியிடட்டும், அவர் தன் நேரத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஃபிளெக்ஸில் மேலே தமிழில் ஒரு வரி, கீழே மலையாளத்தில் ஒரு வரி. எங்கள் ஊரில் இரண்டும் வேண்டும். தமிழில், ‘பத்தாம் வகுப்பில் முழு ஏ பிளஸ் பெற்று ஊருக்குப் பெருமை சேர்த்த எங்கள் குலவிளக்கே, வருக வருக.’ அவள் எங்கிருந்தும் வரவில்லை. பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். மலையாளத்திலும் அதே ஃபுல் ஏ பிளஸ். என் வீட்டுக்காரர் முக்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பேச்சு குறைவு அவருக்கு. பேசினால் ஒரு ஊசி இருக்கும்.

“உன்ற தம்பி மூஞ்சிதான் பெருசா இருக்குது. ரிசல்ட் ஆருக்கு வருது, அவனுக்கா?”

மூன்று மணிக்கு வெப்சைட் திறக்கவில்லை. எங்கள் ஃபோன்கள் எல்லையில் இருக்கிற குழப்பத்தில் ஒரு நிமிடம் தமிழ்நாட்டு டவரையும் மறு நிமிடம் கேரளா டவரையும் பிடித்துக்கொண்டிருந்தன. கடைசியில் அவள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய், சிக்னல் கிடைக்கும் மூலையில் நின்று பார்த்தாள். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் ஏ பிளஸ். மலையாளத்தில் மட்டும் ஏ.

எங்கள் வீட்டில் பேச்சு தமிழ், சாமி கும்பிடுவது தமிழ், மாட்டைத் திட்டுவதுகூடத் தமிழ். டவுனில் உள்ள இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் அவள் மலையாளத்தையே முறையாகக் காதால் கேட்டாள். அந்த வீட்டிலிருந்து போய் மலையாளத்தில் ஏ வாங்கியதற்குத்தான் உண்மையில் ஃபிளெக்ஸ் வைத்திருக்க வேண்டும். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். “பரவால்லம்மா, ஒன்னுதான போச்சு” என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். ரவா கேசரி கிண்டினேன். அரை மணி நேரம் சந்தோஷமாகவே இருந்தோம்.

அப்புறம் என் வீட்டுக்காரர் கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அப்ப அந்த ஃபிளெக்ஸு?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தம்பி மதியமே ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்று ஃபேஸ்புக்கில் லைவ் போட்டிருந்தான். திருப்பூரிலிருந்தும் உடுமலையிலிருந்தும் ‘வாழ்த்துகள் அம்மிணி’ என்று கைகூப்புகள் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அவள் பெயரையும் அதில் கோத்துவிட்டிருந்தான். அதனால் அவளோடு படிப்பவர்களும் பார்த்துவிட்டார்கள்.

“டேய், ஒன்னு கொறஞ்சுருச்சு. அதக் கழட்டீரு.”

“கழட்டறதா? கட்டுன ஃபிளெக்ஸ அன்னிக்கே கழட்டுனா ஊருல என்ன பேசுவாங்க? நீ உடுக்கா. சரி பண்ணீர்லாம்.”

சரி பண்ணினான். மறுநாள் பொள்ளாச்சிக் கடையில் ஒரு துண்டு அடித்து வாங்கி வந்து, தமிழ் வரியில் ‘முழு’ இருந்த இடத்தில் ‘ஒன்பது’ என்று ஒட்டிவிட்டான். துண்டு கொஞ்சம் வெளுப்பாக, கொஞ்சம் சாய்வாக, சட்டைக் கிழிசலுக்குப் போட்ட ஒட்டுப் போல இருந்தது. மலையாள வரியைத் தொடவில்லை.

“மலையாளம் டைப் பண்றவன் லீவுக்கா. திங்கக்கெழமதான் வருவான்.”

“அதுவரைக்கும் தமிழுல ஒன்பது, மலையாளத்துல ஃபுல்லா?”

“நம்மூருல ஆருக்கா மலையாளத்தப் படிக்கறாங்க?”

“உன்ற மருமக படிக்கறாடா. அவகூடப் படிக்கறவங்க எல்லாரும் படிக்கறாங்க.”

அவன் ஒரு கணம் யோசித்தான். யோசித்துவிட்டு, ஒட்டுப் போட்ட ஃபிளெக்ஸையும் ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டான். மேலே, ‘சிறு திருத்தம். பிழைக்கு வருந்துகிறோம்.’ முதல் ஃபோட்டோவைக் கவனிக்காமல் விட்டவர்களும் இதைக் கவனித்தார்கள்.

அன்றைக்கே அது ஸ்டிக்கர் ஆகிவிட்டது. வாட்ஸாப்பில் பிள்ளைகள் பேசுவதற்குப் பதிலாக அனுப்பிக்கொள்கிறார்களே, அந்த மாதிரி. கிரீடம் வைத்த என் மகள், நெற்றிக்கு மேலே சாய்ந்த ‘ஒன்பது’ துண்டு, கீழே கூலிங் கிளாஸோடு என் தம்பி, அடியில் மலையாளத்தில் ‘மலையாளம் தவிர’ என்று எழுத்து. செய்தது ஐந்தாம் வகுப்பிலிருந்து இவளோடு சாப்பாட்டைப் பங்கு போட்ட பெண். எங்கள் இட்லி அவள் வயிற்றிலும் அவள் வீட்டுப் புட்டு எங்கள் பெண் வயிற்றிலும் எத்தனையோ வருடம் போயிருக்கிறது. அவளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாருக்குமே இல்லை. கெட்ட எண்ணம் என்று ஒன்று இருந்திருந்தால், நான் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்ச் சண்டையாவது போட்டிருப்பேன்.

முதல் நாள் என் மகளும் சிரித்தாள். சாப்பிடும்போது எங்களுக்குக் காட்டினாள். “என்னைய விட மாமாதான் நல்லா விழுந்துருக்காரு, பாருங்க” என்றாள். அவள் அப்பா புரையேறும்வரை சிரித்தார்.

ஆனால் ஸ்டிக்கர் ஒரு இடத்தில் நிற்கிற பொருள் இல்லை. அந்த வகுப்புக் குழுவில் யாராவது தப்பாக எதையாவது சொன்னால் பதிலுக்கு அது வந்தது. சினிமாவுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு யாராவது பின்வாங்கினால் அது வந்தது. அடுத்த வகுப்புக்குப் போயிற்று. டியூஷன் குழுவுக்குப் போயிற்று. இவளை யாரென்றே தெரியாத வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தங்கள் மார்க்கைப் பற்றிப் பேசும்போது இவள் முகத்தை அனுப்பிக்கொண்டார்கள். என் மகள் யார் யாருடைய பேச்சிலோ ஒரு நிறுத்தக்குறி ஆகிவிட்டாள்.

வாட்ஸாப்பில் அவள் படம் இருந்த இடத்தில் ஒருநாள் சாம்பல் வட்டம் வந்தது. அப்புறம் தட்டை அறைக்கு எடுத்துப்போய்ச் சாப்பிட்டாள். அப்புறம் தட்டு அப்படியே திரும்பி வந்தது. எங்கள் ஊர் வெயிலில் தொப்பி வைத்த முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பல் துலக்கும் முன்பே ஃபோன், துலக்கும்போது ஃபோன். “என்ன பாக்கற?” என்றால், “ஒன்னுமில்ல.” அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒன்றுமில்லையைத்தான் என்று நினைக்கிறேன். ஸ்டிக்கர் வந்ததா, எங்கே வந்தது, யார் சிரித்தார்கள்.

நான் படித்தவள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சில வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கும் சொல்லிக்கொடுத்தவள். படித்தவள் என்ன செய்வாளோ அதையே செய்தேன். ஃபோனைத் திறந்து, பிள்ளைகளை ஃபோன் எப்படிக் கெடுக்கிறது என்று ஃபோனில் தேடினேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர் வந்து, “உங்கள் பிள்ளைக்கு இந்த அறிகுறிகள் இருக்கின்றனவா?” என்று விரல் நீட்டிக் கேட்டார். அவரைப் பார்த்து முடிப்பதற்குள் இன்னொரு டாக்டர். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா டாக்டர், பின்னணியில் சோக இசையோடு. தூக்கமின்மை, பசியின்மை, எரிச்சல், அடிக்கடி ஃபோனைப் பார்ப்பது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அவளுக்கு இருந்ததைவிட எனக்குத்தான் அதிகம் பொருந்தியது. ஆனாலும் விடவில்லை. பால் பொங்கி அடுப்பை அணைக்கிறவரை பார்த்தேன்.

“ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்க” என்று வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

“ஃபோன் பாத்தா மூளை கெட்டுப்போகும்னு ஃபோன்லயா சொல்றாரு?” என்று கேட்டுவிட்டு அவர் மோட்டார் போடப் போய்விட்டார்.

அவளிடம் நேரடியாகவே சொல்லிப் பார்த்தேன். “கொஞ்ச நாளைக்கு அந்த ஃபோன எங்கிட்டக் குடுத்துரு கண்ணு.”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மிகவும் களைத்த குரலில் விளக்கினாள். “குடுத்தா அவங்க பேசறது நின்னுருமாம்மா? பாத்தாலாவது என்ன பேசறாங்கன்னு தெரியுது. பாக்கலைன்னா, என்ன பேசியிருப்பாங்கன்னு நானே பேசிக்கோணும். அது இன்னும் மோசம்.”

நான் போய் அந்த டாக்டர்களை மறுபடி ஒருமுறை ஓடவிட்டேன்.

‘ஏகஜாலகம்’ என்கிற ஒற்றைச் சாளர வெப்சைட்டில் பிளஸ் ஒன் அலாட்மெண்ட் வந்தது. கேரளத்தில் எல்லாப் பிள்ளைகளும் அந்த ஒரே வழியாகத்தான் இடம் வாங்க வேண்டும். டவுனிலேயே நல்ல பள்ளிக்கூடம், கேட்ட குரூப். குறித்த நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். ஸ்டிக்கர் அனுப்பிய அந்த வகுப்புக் கூட்டத்தில் பாதிப் பேருக்கும் அங்கேதான் கிடைத்திருந்தது. இதைக் கேட்டுவிட்டு அவள், “நான் போகலைம்மா” என்றாள். “எங்கயுமே போகல.” அந்த ‘எங்கயுமே’க்குப் பிறகு ராத்திரியில் எழுந்து எழுந்து அவள் அறையை எட்டிப் பார்த்தேன்.

சேர்வதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னைகளை வளைத்து, மழை இதோ வருகிறது என்று மிரட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். அவள் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் அவள் இல்லை. தலையணைமேல் ஃபோன் மட்டும் கிடந்தது. கிடந்து, நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஃபோனை விட்டுவிட்டுக் குளியலறைக்குக்கூடப் போனதில்லை. குளியலறையில் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பார்த்தேன். கூப்பிட்டேன். கேட்பதற்கு யாரும் இல்லை. வீட்டுக்காரர் தூரத்து வயலில் இருந்தார். அப்புறம் என் கால்கள் என்னைக் கேட்காமலே எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு ஓடின.

பெரிய திறந்த கிணறு அது. போர்வெல் வந்த பிறகு யாரும் பயன்படுத்துவதில்லை. மேட்டில் வழுக்கும் என்று செருப்பைக் கழற்றினேன் போலிருக்கிறது. கழற்றியது நினைவில்லை. குனிந்து பார்த்தேன். பச்சையாகத் தண்ணீர். அதில் ஒரு துண்டு வானம், என் தலை, அப்புறம் நீளமாக ஏதோ ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அது தென்னை மட்டை. அது தென்னை மட்டைதான் என்று என் கண்ணுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. இதை எழுதும்போது நடுவில் எழுந்துபோய் அவள் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். “என்ன?” என்றாள். “ஒன்னுமில்ல” என்றேன். இந்த வீட்டில் இப்போது அந்தப் பதிலை நான்தான் சொல்கிறேன்.

கையில் என் ஃபோன் அடித்தது. தம்பி.

“அக்கா, அம்மிணி முக்குல ஏணி மேல நிக்கறா. கையில அருவா இருக்குது. வெரசா வா.”

நிம்மதியில் அழுதுகொண்டே ஓடிய பெண்ணை எங்கள் ஊர் பார்த்தது அன்றைக்குத்தான் இருக்கும். வெறுங்காலில் முக்குக்குப் போய்ச் சேர்ந்தேன். கள் இறக்குபவரின் மூங்கில் ஏணி மரத்தில் சாய்ந்திருந்தது. என் மகள் அதன் உச்சியில், தேங்காய் மட்டை வெட்டும் அருவாளால் ஃபிளெக்ஸ் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தாள். தொப்பி காற்றில் விழுந்து, பல நாளுக்குப் பிறகு அவள் தலை வெளியே தெரிந்தது. டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். ஒன்றிரண்டு கைகளில் ஃபோனும் உயர்ந்திருந்தது.

தம்பி இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றான். அவன் சட்டைப் பையில் ஃபோன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அடித்த ஃபோனை அவன் எடுக்காமல் விட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எறங்கு சாமி. மாமன் கழட்டறேன்.”

“நீங்க கழட்ட மாட்டீங்க மாமா. மறுக்காவும் ஒட்டுவீங்க.”

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

“இல்ல கண்ணு, ஒட்டவே மாட்டேன்.”

“ஏதாவதொரு திங்கக்கெழம மலையாளம் டைப் பண்றவரு வந்துருவாரு. அப்ப ஒட்டுவீங்க.”

“அவன் வேலையவே உட்டுப்போட்டுப் போயிட்டான் கண்ணு! இனி வரவே மாட்டான்!”

இதற்கு மேலே இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்தேன். பாதி சிரிப்பு அது. மீதிப் பாதி என்ன என்று நான் ஆராயவில்லை. கடைசிக் கயிறும் அறுந்தது. காற்று ஃபிளெக்ஸை ஒருமுறை சுழற்றி, என் தம்பியின் தலைமேல் போட்டது. தன் கூலிங் கிளாஸ் முகத்தால் தானே மூடப்பட்டு நின்றான். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “ஏணிய நான் உடல. நீ பாத்துப் பைய எறங்கு.” யாரோ ஃபிளெக்ஸை விலக்க வந்தார்கள். “தொடாதீங்க, புள்ள எறங்கட்டும்” என்று உள்ளேயிருந்தே அதட்டினான். அவள் இறங்கி முடிக்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை, தலைமேல் கிடந்ததைத் தள்ளவும் இல்லை. அவன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பெரும்பகுதி அங்கே போய்விட்டது. மீதியை மாடு பார்த்துக்கொள்கிறது.

அவள் கால் எனக்கு எட்டும் உயரத்துக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். பாதம் சூடாக இருந்தது, மண் ஒட்டியிருந்தது. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பிடிதான் இறுகியது.

“அம்மா” என்றாள். “கால உட்டாத்தான எறங்க முடியும்?”

மூன்று பேராக வீட்டுக்கு நடந்தோம். நடுவில் அவள் அப்பாவும் சேர்ந்துகொண்டார். தம்பி ஃபிளெக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தான். முதல் தூறல் விழுந்தது. யாரும் பேசாததால் என் வீட்டுக்காரரே பேசினார். “வைக்கப்போர மூட ஒரு பிளாஸ்டிக் சீட்டு வாங்கோணும்னு நெனச்சுட்டே இருந்தேன்.”

மழை வலுப்பதற்குள் போர்மேல் ஏறி அவரே விரித்தார். மகள் முகம் தெரியாமல், எழுத்துப் பக்கத்தை உள்ளே வைத்து. அவருக்கு இப்படிச் சில நாசூக்குகள் உண்டு. அவள் கீழே நின்று பார்த்தாள்.

“அப்பா, திருப்பிப் போடுங்க. பிரிண்ட்டுப் பக்கந்தான் தண்ணி உள்ள எறங்காது.”

“மூஞ்சி தெரியுமே கண்ணு.”

“மாட்டுக்குத்தான தெரியும். அது ஸ்டிக்கர் போடாது.”

மறுநாள் காலையில் நான் பால் கறந்துவிட்டு வரும்போது, அவள் கையில் என் செருப்பு. வாசலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இது ஏம்மா கெணத்து மேட்டுல கெடந்துச்சு?”

“தண்ணி இருக்குதான்னு பாக்கப் போனேன்.”

“இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

செருப்பை அனாவசியமாக ஒருமுறை நேராக்கி வைத்தாள். “நான் ஃபிளெக்ஸத்தான கழட்டப் போனேன்” என்றாள். அப்புறம், “நீ மொதல்ல அந்த டாக்டருங்க ரீல்ஸ் பாக்கறத நிறுத்தும்மா” என்றாள். இரண்டு பேரும் செருப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதோம். மாடு கத்திய பிறகுதான் எழுந்தோம்.

அன்றைக்கே நிஜமான டாக்டர் ஒருவரிடம் போனோம். டவுனில் பிள்ளைகளின் மனசுக்குப் பார்க்கிற அம்மா. பின்னணி இசை எதுவும் இல்லை, விரல் நீட்டவும் இல்லை. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். எவ்வளவு பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவில் காது வைக்கத் தோன்றியது. அங்கே இருந்த பெஞ்சு தள்ளி இருந்தது. வேண்டுமென்றே தள்ளிப் போட்டிருப்பார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு அவர் கேட்டது, “அம்மைக்கு உறக்கம் உண்டோ?” அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதா என்று. மகள் எனக்காகப் பதில் சொன்னாள். “இல்ல டாக்டர். ரீல்ஸ் பாக்கறாங்க.” மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். போய்க்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். சாம்பல் வட்டம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. புட்டு கொண்டுவரும் பெண் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே அழுதுவிட்டு, கேசரி சாப்பிட்டுப் போனாள். ஸ்டிக்கரை அவள் தன் ஃபோனிலிருந்து அழித்துவிட்டாள். மற்ற ஃபோன்களில் அது எங்கே எங்கே உட்கார்ந்திருக்கிறதோ.

சேர வேண்டிய கடைசி நாளில் போய்ச் சேர்ந்தாள். வகுப்பு ஆரம்பித்த அன்று காலையில் புது யூனிஃபாரத்தோடு முக்கில் பஸ்ஸுக்கு நின்றாள். அந்த இரண்டு தென்னைகளுக்கு நடுவில் இப்போது வெறும் ஆகாயம். தம்பி பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாதியில் நின்றது.

“ஒன்னே ஒன்னு எடுத்துக்கட்டுமா கண்ணு?”

அவள் அவனைச் சோதிக்கிற மாதிரிப் பார்த்தாள். “எடுங்க. ஆனா எங்கயும் போடக்கூடாது.”

“போடல சாமி.”

“ஸ்டேட்டஸ்லயும் கூடாது.”

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. “சேரி.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அந்த ஃபோட்டோ அவன் ஃபோனிலேயே இருக்கிறது. டீக்கடைக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஃபோனைக் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு காட்டுகிறான். “இப்பிடிக் காட்டறதுக்கு ரொம்ப நேரம் ஆகுதுக்கா” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

பஸ் அவளை ஏற்றிக்கொண்டு வளைவில் மறைந்தது. நான் திரும்பினேன். வீட்டுக்குப் போகிற பாதையிலிருந்து தோட்டத்துப் பாதை பிரிகிற இடத்தில் என் கால் கொஞ்சம் தயங்கியது. அவள் பஸ்ஸில்தான் இருக்கிறாள், என் கண்ணால் பார்த்தேன். இருந்தாலும். அப்போது கையில் ஃபோன் அதிர்ந்தது. அவள்தான்.

‘கெணத்துக்குப் போகாம நேரா ஊட்டுக்குப் போ.’

நேராகத்தான் போனேன். கிட்டத்தட்ட நேராக.